காட்பாடிச் சாலை நாற்றுப்பண்ணை: செடிகள் தரமானவை, உடன் வரும் மண்ணில் கவனம் தேவை

காட்பாடிச் சாலையோரம், பெரணி, ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்ற குளிர்ச்சி விரும்பும் செடிகளுக்கென்றே நிழல்வலைக் குடில் அமைத்து விற்கும் ஒரு நாற்றுப்பண்ணையைப் பற்றிய மதிப்புரை இது. அக்கினி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டும் வேலூர் வெயிலில் இத்தகைய செடிகளை வாடாமல் வைத்திருப்பதே பெரிய காரியம். அதை இவர்கள் செம்மையாகச் செய்கிறார்கள், விலையும் நியாயமானதே.

குறையாகச் சொல்ல வேண்டியது செடிகளோடு வந்திறங்கும் மலை மண்ணையும் பாசியையும்தான். வயநாட்டிலிருந்து வந்ததாகக் கடைக்காரர் கூறிய பெரணித் தொட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் இருந்த ஈரப் பாசியில் அறுவடைச்சிலந்திகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மிளகளவே ஆன உடல், இடை பிரியாமல் ஒரே உருண்டையாகத் தெரிகிறது. முதுகின் மேட்டில் இரண்டு கண்கள். மெல்லிய எட்டுக் கால்களில் மிக நீண்ட இரண்டாம் இணையை முன்னே நீட்டித் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நகர்கிறது. பிடிக்க முயன்றால் ஒரு காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறது. விழுந்த கால் சிறிது நேரம் தனியே துடிக்கிறது.

பெயரில் சிலந்தி இருந்தாலும் இது சிலந்தி அன்று; ஒபிலியோன்கள் என்ற தனி வரிசையைச் சேர்ந்த இவ்வுயிருக்கு நஞ்சுச் சுரப்பி கிடையாது. வீட்டில் குழந்தைகள் இருப்போரும் அஞ்ச வேண்டியதில்லை. நூல் நூற்கும் உறுப்பும் இதற்கு இல்லை என்பதைத்தான் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். சிலந்திக் குஞ்சுகள் நூலிழையைக் காற்றில் விட்டு நெடுந்தொலைவு மிதந்து செல்லும்; இவற்றுக்கோ நடையைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, ஈரக்காட்டில் வாழும் ஓர் இனம் வறண்ட சமவெளியைக் கடந்து வேறொரு மலையில் புதிதாகத் தென்பட்டால், பெரும்பாலும் மனிதர்களே அதைக் கொண்டு சேர்த்திருப்பார்கள். வேலூரின் வெட்டவெளியில் இவை பிழைப்பது கடினம் என்றாலும், நாள்தோறும் நீர் தெளிக்கப்படும் குடிலுக்குள் தங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து தொட்டிகள் சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியின் விடுதிகளுக்கும் தோட்டங்களுக்கும் போகின்றன என்பதே எனக்குக் கவலை தருகிறது.

ஒரே நாட்டுக்குள் இடம் மாறும் உயிரினம் கேடு செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது. நம் வயல்களில் சாதாரணமாகக் காணப்படும் பெரிய தவளை அந்தமானுக்குச் சென்று பெருகியது. அதன் தலைப்பிரட்டைகள் அங்குள்ள தவளை இனங்களின் தலைப்பிரட்டைகளைத் தின்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. மீன்குஞ்சுகளோடு கலந்து அது பரவியதாகக் கருதப்படுகிறது. மண்ணோடு வரும் உயிர்களின் பயணமும் அவ்வாறே யாருடைய கண்ணிலும் படாமல் நடக்கிறது. வெளிநாட்டுச் செடிகளுக்குத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் தடுப்பாய்வு உண்டு. பயிர்களை அழிக்கும் பூச்சி, பீடைகளைத் தடுப்பதற்கான 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநிலங்களுக்கிடையே சில பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தாலும், தொட்டி மண்ணில் மறைந்து வரும் இத்தகைய சிற்றுயிர்களை யாரும் தேடுவதில்லை. அந்த இடைவெளியை நாற்றுப்பண்ணைகள்தாம் நிரப்ப வேண்டும்.

புதிதாக வரும் சரக்கைத் தனி இடத்தில் சில வாரங்கள் வைத்துப் பார்க்கும் வழக்கம் இங்கே இல்லை. அது உடனே தொடங்கப்பட வேண்டும். கேட்டுக்கொண்டால், வேரில் ஒட்டிய மண்ணைக் கழுவி, தென்னை நார்க்கழிவில் செடியை மாற்றி நட்டுத் தருகிறார்கள். அதற்குச் சிறு தொகை கூடுதலாகும். குறிப்பாக ஏலகிரிக்கோ சவ்வாது மலைக்கோ செடி கொண்டு செல்பவர்கள் அவ்வாறே வாங்குங்கள். பாசி மூட்டையை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம்.