'கே' போடுவதா, விடுவதா? இத்தாலிய எழுவாய்த் தொடரின் இரு வடிவங்கள்

ஒரு செயலை முழுதாக எழுவாய் இடத்தில் வைக்க இத்தாலிய மொழி இரண்டு வழி தருகிறது. "நீ வருவது முக்கியம்" என்றால் "எ இம்பொர்தாந்தே கே து வெங்கா". யார் என்று சொல்லாமல் "வருவது முக்கியம்" என்றால் "எ இம்பொர்தாந்தே வெனீரே". முதலாவதில் 'கே' என்ற இணைப்புச் சொல்லும் ஆளுக்கேற்ப மாறும் வினையும் உண்டு. இரண்டாவதில் அகராதியில் உள்ள வினைவடிவமே போதும்.

புதிதாகப் படிப்பவர்கள் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். காரணம் இருக்கிறது. வாக்கியம் இறந்தகாலத்துக்குப் போனால் 'வெங்கா' 'வெனிஸ்ஸி' ஆகிவிடும், 'வெனீரே' அசையாது. ஆனால் தமிழ் 'வருவது' போல் இதை நினைத்தால் சிக்கல். 'வருவது' என்பதன் முன்னால் நீ, மார்கோ என்று யாரையும் நிறுத்தலாம். 'வெனீரே' யாரையும் அண்டவிடாது. "மார்கோ புறப்பட வேண்டும்" என்பதற்கு 'பிசோஞ்ஞா'வை (வேண்டும்) வைத்துத் தொடங்கினால், "பிசோஞ்ஞா கே மார்கோ பார்தா" என்று 'கே' போட்டே ஆக வேண்டும். சில வினைகளில் மட்டும் குறுக்குவழி உண்டு: "மி கொன்வியேனே பார்தீரே" என்றால் 'மி'யே ஆளைக் காட்டிவிடும், புறப்படுவது எனக்கு நல்லது என்று பொருள்.

இந்தச் சுருக்க வடிவத்துக்கும் ஒரு தொல்லை உண்டு: 'தி' என்ற முன்னிடைச்சொல். "எ ஃபாச்சிலே ஸ்பல்யாரே" (தவறுவது எளிது) என்பதில் அது வராது; பிரெஞ்சு படித்துவிட்டு வருபவர்கள் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். "மி செம்ப்ரா தி சொன்யாரே" (கனவு காண்பதுபோல் இருக்கிறது) என்பதிலோ அது கட்டாயம். வினைக்கு வினை மனப்பாடம்தான்.

'கே' வடிவத்தின் சுவையான இடம் வினையின் பாங்கு. முக்கியம், நல்லது, தேவை என்ற மதிப்பீடுகளுக்குப் பின் கொஞ்சுந்தீவோ, அதாவது 'வெங்கா', 'பார்தா' போன்ற தனி வினைவடிவம், வரும். உறுதியானதற்குச் சாதாரண வினை போதும்: "எ சேர்தோ கே மார்கோ எ பார்தீதோ", மார்கோ புறப்பட்டுவிட்டது உறுதி. அதையே திருப்பிப் போட்டால் "கே மார்கோ சீயா பார்தீதோ எ சேர்தோ". உறுதி குறையவே இல்லை. தொடர் முன்னால் வந்ததற்காகவே 'எ' என்பது கொஞ்சுந்தீவோவான 'சீயா' ஆகிவிட்டது.

என் கட்சி 'கே'தான். பொதுவிதி சொல்ல மட்டும் சுருக்க வடிவம் போதும். ஆள் யார் என்பது முக்கியமானால் கொஞ்சுந்தீவோவுக்கு அஞ்சிப் பயனில்லை. பேச்சில் "செம்ப்ரா கே பியோவே" (மழை பெய்வதுபோல் தெரிகிறது) என்று சாதாரண வினையோடு சொல்பவர்கள் இத்தாலியிலேயே உண்டு. கவனமாக எழுதுபவர்கள் 'பியோவா' என்றே எழுதுவார்கள்.