ஊர் ஊராகப் போய் நர்ஸ் வேலை: டர்பனிலிருந்து பல வருட அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் ஏஜென்சி மூலம் ஊர் மாறி மாறி நர்ஸ் வேலை பார்க்கலாமா என்று கேட்கும் தங்கச்சிகள் எல்லாரும் மணிக்கு எத்தனை ராண்ட் என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். போன வாரம்கூட நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே நர்ஸாகப் பதிவு முடித்த ஒரு பெண், "அக்கா, கோக்ஸ்டாட்ல ரேட் நல்லா இருக்காம், போகட்டுமா?" என்றாள். "ரேட் கிடக்கட்டும், ரூம் எங்கேன்னு கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.

டர்பனில் வீட்டை வைத்துக்கொண்டு, அது இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்திலும் பக்கத்து மாகாணமான ஈஸ்டர்ன் கேப்பின் வடக்குப் பக்கத்திலும் பல வருடமாக இப்படி வேலை பார்த்து வருகிறேன். என் கணக்கில் ஒரு வேலை நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது தங்குகிற அந்த அறைதான். நைட் ஷிஃப்ட் காலை 7 மணிக்கு முடியும் என்று தாளில் இருக்கும். அடுத்து வருகிற நர்ஸுக்கு ஹேண்டோவர் கொடுத்து, மருந்து அலமாரிச் சாவியை ஒப்படைத்து, எழுதாமல் விட்டதை எழுதி வெளியே வர எட்டாகிவிடும். அதற்குப் பிறகு 45 கிலோமீட்டர் காரோட்டிப் போய்ப் படுக்க வேண்டும் என்றால் உடம்பு இரண்டு வாரம் தாங்கும், மூன்றாவது வாரம் கண் சொருகும். கோக்ஸ்டாட்டைத் தாண்டி ம்தாத்தா பக்கம் போகிற என்2 நெடுஞ்சாலையில் மாடும் ஆடும் நடு ரோட்டில் நிற்கும். பனி மூட்டம் இறங்கிவிட்டால் மாடு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். அந்தச் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பணக்கணக்கும் அப்படியே. தூரத்தில் தங்க வேண்டிய வேலைக்கு மணிக்கு 30 ராண்ட் கூடுதலாகத் தருகிறார்கள் என்று வையுங்கள். 12 மணி நேர ஷிஃப்டுக்கு 360 ராண்ட், வரி போக இன்னும் குறையும். போக வர 90 கிலோமீட்டர் என்றால் சின்னக் காருக்கே 6 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 20 ராண்டைத் தாண்டி விற்கும்போது 130 ராண்ட் அதிலேயே போய்விடும். டயர் தேய்மானம், குழியில் விழுந்து வளைகிற ரிம், போகிற தூக்கம் எல்லாம் தனி. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே நர்ஸ்கள் விடுதியில் அறை கிடைத்தால், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தாலும் குறைந்த ரேட்டுக்கே போய்விடுவேன். பெட்ரோலைப் பற்றி இன்னொன்று: விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும், கடற்கரைப் பக்கத்தைவிட உள்நாட்டில் விலை அதிகம். அதனால் டர்பனிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்புவது லாபம்.

அறையைப் பற்றி என்னென்ன கேட்க வேண்டும்? ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, பகலில் பக்கத்தில் சலவைக்கூடமோ பள்ளிக்கூடமோ ஓடுகிறதா, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா, ஜன்னலுக்குக் கம்பி உண்டா, குழாயில் தண்ணீர் நின்றால் ஜோஜோ டேங்க் (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, சமைக்க விடுவார்களா. தண்ணீர்க் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். வார்டில் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து குளிக்க முடியாமல் படுப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

இதையெல்லாம் கேட்டும் ஒரு தடவை மாட்டினேன். ஏஜென்சி அறை உறுதி என்றது. போய்ச் சேர்ந்தால் அந்த அறையில் வேறொருவர் இருக்கிறார். ஏஜென்சியில் கேட்டால் ஆஸ்பத்திரியைக் கேள் என்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டால் ஏஜென்சியைக் கேள் என்கிறார்கள். கடைசியில் அங்கே வேலை பார்த்த ஒரு சிஸ்டர் தன் அறையில் மெத்தை விரித்துக் கொடுத்தார். அதன் பிறகு எந்த ஊருக்குக் கிளம்பும் முன்பும் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் பெயர் என்ன, போன் நம்பர் என்ன என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்கிறேன். வாயால் சொல்வது செல்லாது.

சரி, அறை கிடைத்துவிட்டது. முதல் ஷிஃப்டில் எல்லாரும் உங்களைப் பழகின ஆள் மாதிரிதான் நடத்துவார்கள், சுற்றிக் காட்ட யாருக்கும் நேரம் இருக்காது. நான் அரை மணி முன்னாலேயே போய் எமர்ஜென்சி டிராலியைத் திறந்து பார்த்துவிடுவேன். ஆக்சிஜன் எங்கே, சக்ஷன் வேலை செய்கிறதா, ராத்திரி டாக்டரை எந்த நம்பரில் கூப்பிடுவது, இவ்வளவும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் விடியும்போது தெரிந்துகொள்ளலாம். ஆனால் மார்ஃபின் மாதிரிக் கடும் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் 6 மருந்துகளை எண்ணிப் பார்க்காமல் அந்த அலமாரிச் சாவியை மட்டும் கையில் வாங்கவே கூடாது. மார்ஃபின் ஆம்பியூல் எத்தனை, ரெஜிஸ்டரில் எத்தனை என்று கொடுப்பவரை நிறுத்தி வைத்து எண்ணுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கணக்கு குறைந்தால் முதலில் எல்லாரும் பார்ப்பது வெளியிலிருந்து வந்த ஏஜென்சி நர்ஸைத்தான்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்தினால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். இந்த நாட்டில் எச்ஐவி எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பகலில் எல்லாருக்கும் வழி தெரியும். ராத்திரி 2 மணிக்கு அந்த மாத்திரை இருக்கிற அலமாரியைத் திறப்பவர் யார் என்பதுதான் கேள்வி. குத்திவிட்டால் வார்டிலும் சொல்லுங்கள், அன்றைக்கே ஏஜென்சிக்கும் எழுதி அனுப்புங்கள். சம்பளம் கொடுக்கிற முதலாளி அவர்கள்தான், பின்னால் நஷ்டஈடு என்று வந்தால் அந்தக் கடிதம் வேண்டியிருக்கும்.

டிபிக்கு என்95 மாஸ்க்கைச் சொந்தமாகக் கொண்டு போகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்காது என்பதால் இல்லை, இருக்கிற ஒரே சைஸ் என் முகத்துக்குச் சரியாக உட்காராது. 2005-06இல் துகேலா ஃபெரியில் பல மருந்துகளுக்கும் அடங்காத டிபி கண்டுபிடிக்கப்பட்டபோது, முதலில் தெரியவந்த 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள். அந்த ஊரும் இதே மாகாணம்தான். குளிர்கிறது என்று யாராவது வார்டு ஜன்னலைச் சாத்தினால் காற்று ஓடட்டும் என்று நான் போய்த் திறந்துவிடுவேன்.

இனி பையில் இருப்பவை. வருடக்கணக்காக உழைத்தவை சிலதான். தலையில் மாட்டுகிற சார்ஜ் விளக்கு முதலிடம். 2023இல் லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்கிற மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் ஓடும், நான் தங்கிய விடுதிகளில் பாதிக்கு அது கிடையாது. 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்றது, 2025 முற்பாதியில் கொஞ்ச நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஆனாலும் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் எங்கேயும் போகவில்லை, விளக்கைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. அடுத்தது கனத்த கறுப்புத் துணியும் நாலு பெரிய கிளிப்பும். எந்த ஜன்னலையும் ராத்திரியாக்கிவிடும். பிறகு வோடாகாம் ஒன்று, எம்டிஎன் ஒன்று என இரண்டு சிம். ஒன்று செத்த இடத்தில் மற்றொன்று பேசும்.

காசைக் கரைத்தவையும் உண்டு. சக்கரம் வைத்த பெட்டி சரளைக்கல் பாதையில் ஒரே வருடத்தில் சக்கரத்தை உதிர்த்தது. இப்போது தோள் பைதான். பெரிய இன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, தூக்க முடியாமல் விற்றுவிட்டேன். சின்ன பவர் பேங்க் போதும்.

சாப்பாடு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. டர்பனில் இருக்கும்வரை கவலையில்லை, சாட்ஸ்வொர்த்தில் கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். லுசிகிசிகி மாதிரி ஊரில் முட்டைக்கோசும் பீன்ஸும்தான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசி முழுக்கக் கறி, மீன் தொடுவதில்லை, என் மாமியார் வீடும் அப்படித்தான். அந்த மாதம் மட்டும் சின்ன பிரஷர் குக்கரும் கூட வரும். (முதல் விசில் அடித்தபோது பக்கத்து அறைப் பெண் அலாரம் என்று நினைத்து வெளியே ஓடிவிட்டாள். இப்போது அவளே சுகர் பீன்ஸ் கறி எப்போது என்று கேட்கிறாள்.) மசாலா தீர்ந்தால் அத்தை வீட்டிலிருந்து பேக்ஸியில் (பெப் கடைகள் வழியாகப் போகிற பார்சல் சேவை) அனுப்புவார்கள். பெப் கடை இருக்கிற ஊர் என்றால் பார்சல் வந்துவிடும்.

காகிதங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நர்சிங் கவுன்சில் வருடக் கட்டணத்தை டிசம்பர் 31க்குள் கட்டாவிட்டால் ஜனவரியில் வேலை செய்ய முடியாது. நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். சர்டிஃபைட் காப்பி பல இடங்களில் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே முத்திரை போட்டுத் தருகிறார்கள், கொத்தாக எடுத்து வையுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதற்கு ஆதாரமும் கையில் இருக்கட்டும்.

வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரே வருடத்தில் இரண்டு ஏஜென்சியில் வேலை பார்த்தால் இரண்டு ஐஆர்பி5 (வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்று) வரும். ஒவ்வொருவரும் தாங்கள் கொடுத்த சம்பளத்தை மட்டும் பார்த்து வரி பிடித்திருப்பார்கள். வரித் துறையான சார்ஸ் இரண்டையும் கூட்டிப் பார்த்து மீதியைக் கேட்கும். இரண்டாவது ஏஜென்சியிலிருந்து வருவதில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். காரோட்டிய கிலோமீட்டரை எழுதி வைத்தால் வரிக்கழிவு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்குச் சம்பளச் சீட்டில் டிராவல் அலவன்ஸ் என்று தனியாகக் காட்டியிருந்தால்தான் அது செல்லும். கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

எப்போது வேலை அதிகம் கிடைக்கும் என்றால் ஈஸ்டர். என்2, என்3 இரண்டிலும் விபத்து கூடும். அதே நாட்களில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா வரும், டர்பன் தமிழ் நர்ஸ்கள் பாதிப் பேர் லீவு கேட்பார்கள். நான் ஒரு வருடம் வேலை, ஒரு வருடம் கோயில் என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

திரும்பப் போகிற ஊர்கள்? போர்ட் ஷெப்ஸ்டோன் எப்போது கூப்பிட்டாலும் போவேன். வடக்கே மங்குசி பக்கம் குளிர்காலத்தில் (இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) மட்டும், ஏனென்றால் செப்டம்பரிலிருந்து மே வரை அங்கே மலேரியா காலம். ஜோஹன்னஸ்பர்க் வேண்டாம். ரேட் அதிகம்தான், ஆனால் அங்கே இதுவரை யாரும் எனக்கு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் அறை தந்ததில்லை.