மண்ணில் இருக்கும் வில்லங்கம்: மாசுபட்ட நிலத்தை மீட்க எந்தச் சட்டம் உதவும்?

நிலம் வாங்கப் போகிறவர் முதலில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறார். தாய்ப்பத்திரம் சரியா, அடமானம் ஏதும் இருக்கிறதா என்று முப்பது வருடத்துக்கு அலசுகிறார். ஆனால் அந்த இடத்தில் முன்பு ஓடிய ஆலையின் கழிவு மண்ணுக்கடியில் இன்னும் ஊறிக்கொண்டிருந்தால், அது எந்தப் பத்திரத்திலும் வராது. போர் போட்டுத் தண்ணீர் மஞ்சளாக வரும்போதுதான் தெரியும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். ஆலை மூடிய பிறகும் அது பல ஆண்டுகள் திறந்தவெளியில் கிடந்து, மழைக்கு மழை நிலத்தடி நீரில் இறங்கியது. அந்தக் குவியலை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அமெரிக்காவின் 1980 சட்டம், அதைத் திருத்திய 2002 சட்டம், இங்கிலாந்தின் முறை. இந்த மூன்றில் எது இப்படிப்பட்ட இடத்துக்கு உதவும்?

முதலாவது, லவ் கேனால் கொடுத்த அதிர்ச்சியில் பிறந்தது. நயாகரா ஃபால்ஸ் நகரில், பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 20,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவைக் கொட்டிப் புதைத்தது. 1953-ல் அந்த இடத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு எழுதிக்கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் கழித்து, 1980 டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் பிடி இறுக்கமானது. கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. சட்டம் வருவதற்கு முன்பு கொட்டியிருந்தாலும் தப்ப முடியாது. பத்துப் பேர் கொட்டிய இடமாக இருந்தால், கையில் காசுள்ள ஒருவரிடமே முழுச் செலவையும் வசூலிக்கலாம். மற்றவர்களிடம் பங்கு கேட்பது அவர் பாடு. கழிவைக் கொட்டியவர், லாரியில் ஏற்றி வந்தவர், இன்றைய நிலச் சொந்தக்காரர் எல்லோரும் பொறுப்பாளிகள். யாரையும் பிடிக்க முடியாத இடங்களுக்காகப் பெட்ரோலியத்தின் மீதும் ரசாயனங்களின் மீதும் வரி போட்டு ஒரு நிதியும் வைத்தார்கள்.

இந்தக் கடுமை தேவைதான் என்பது என் எண்ணம். புதிதாகக் கழிவு கொட்ட நினைப்பவருக்கு இதைவிடத் தெளிவாக எச்சரிக்கை சொல்ல முடியாது. ஆனால் பழைய நிலத்துக்கு இது வேறு மாதிரி வேலை செய்தது. மாசு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாங்குபவர் விலகிப் போனார். கடன் கொடுத்த வங்கியையும் சில சூழ்நிலைகளில் பொறுப்பாக்கலாம் என்று 1990-ல் ஃபிளீட் ஃபேக்டர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அப்புறம் எந்த வங்கி பழைய ஆலை நிலத்துக்குக் கடன் தரும்? 1996-ல் நாடாளுமன்றம் வங்கிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்கும் வரை இந்தப் பயம் நீடித்தது. சொந்தக்காரர்கள் ஆலைக்கு வேலி போட்டுப் பூட்டினார்கள். மண்ணைச் சோதித்தால்தானே பிரச்சினை, சோதிக்காமலே விட்டுவிட்டார்கள். புதிய கட்டடங்கள் ஊருக்கு வெளியே நல்ல விளைநிலத்தைத் தின்றன. நிதிக்கான வரியும் 1995 முடிவில் காலாவதியானது. அதைத் திரும்பக் கொண்டுவர 2021, 2022 வரை ஆயிற்று.

2002 ஜனவரியில் வந்த திருத்தம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. இதை வாங்குபவருக்கான சட்டம் என்று சொல்லலாம். நிலத்தை வாங்கும் முன் அதன் கடந்த காலத்தை முறைப்படி விசாரித்துவிட வேண்டும்: பழைய வரைபடங்கள், அரசு ஆவணங்கள், நேரடி ஆய்வு, முன்னாள் சொந்தக்காரர்களிடம் பேச்சு. விசாரணை வாங்கும் தேதிக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நடந்திருக்க வேண்டும், அதில் சில பகுதிகள் 180 நாளுக்குள். மாசுபடுத்தியவருடன் தொடர்பு இருக்கக் கூடாது. வாங்கிய பிறகும் கசிவைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தால், மாசு இருப்பது தெரிந்தே வாங்கினாலும் பழைய பாவம் வாங்கியவர் தலையில் விழாது. அரசு தன் செலவில் சுத்தம் செய்து நிலத்தின் மதிப்பு ஏறினால், ஏறிய அளவுக்கு அந்த நிலத்தின் மீது உரிமை கோரவும் சட்டம் இடம் தருகிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பொதுப்பணம் தனியார் பைக்குள் சும்மா போய்விடாது.

சில மாநிலங்கள் இதற்கு முன்பே இந்த வழிக்கு வந்துவிட்டன. பென்சில்வேனியாவின் 1995 நில மறுசுழற்சிச் சட்டம் சுத்தத்துக்கு மூன்று அளவுகோல்கள் தந்தது: மாசுக்கு முந்தைய நிலை, மாநிலம் முழுக்கப் பொருந்தும் சுகாதார அளவு, அந்த இடத்தின் பயன்பாட்டுக்கென்று கணக்கிட்ட அளவு. எட்டிவிட்டால் பொறுப்பிலிருந்து விடுதலை. அதே மாநிலத்தின் பெத்லகேம் நகரில் 1995-ல் உலை அணைந்த பிரம்மாண்டமான எஃகு ஆலை நிலத்தில் இன்று கலை அரங்கு, கேசினோ, கிடங்குகள் இருக்கின்றன. ஊதுலைகளை இடிக்காமல் நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊருக்குப் பக்கத்து ஊரான ஹெல்லர்டவுனில் உள்ள பாதரச மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் 2003-ல் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறிப் போனது.

மூன்றாவது, இங்கிலாந்து. 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2000-ல் நடைமுறைக்கு வந்த பகுதி 2ஏ, மாசுபட்ட நிலத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமையை உள்ளாட்சி மன்றத்திடம் கொடுத்தது. முதல் பொறுப்பு மாசுபடுத்தியவருக்கு. அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் இன்றைய சொந்தக்காரருக்கு. இந்த இடத்தில் அமெரிக்கத் திருத்தமே நியாயமானது. ஆனால் நடைமுறையில் இங்கிலாந்தில் பெரும்பாலான சுத்தம் இந்தச் சட்டத்தால் நடக்கவில்லை. கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம் நிபந்தனை போட்டு நடக்கிறது. மாசுக்குக் காரணமில்லாத நிறுவனம் சுத்தம் செய்தால், செலவில் 150 சதவீதத்தை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அங்கே அடிப்படைக் கொள்கை, பயனுக்கு ஏற்ற சுத்தம். கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு அளவு, வீட்டுத் தோட்டத்துக்கு வேறு அளவு. செலவு குறையும், வேலை நடக்கும், சரி. ஆனால் அளவை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சண்டை. கொடைக்கானலில் மண்ணில் பாதரசம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற இலக்கை எதிர்த்து ஆர்வலர்கள் போராடியது இதற்காகத்தான். கீழே பாம்பாறும் சோலைக்காடும் இருக்கும்போது, வீடு கட்டும் நிலத்துக்கான அந்த அளவு போதுமா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது.

சுத்தம் செய்யும் முறையிலும் ஆபத்து உண்டு. இங்கிலாந்தின் கார்பி நகரில் மூடிய எஃகு ஆலையின் நச்சு மண்ணை லாரிகளில் அள்ளிப் பொதுச் சாலை வழியே கொண்டுபோனபோது தூசு ஊரெங்கும் பரவியது. கை கால் குறைபாட்டோடு குழந்தைகள் பிறந்த வழக்கில், நகர மன்றம் கவனக்குறைவாக நடந்தது என்று 2009-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது ராணிப்பேட்டைக்கு வருவோம். மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னதே, பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். ஆனால் செலவேற்க வேண்டிய நிறுவனத்திடம் பணமே இல்லாதபோது சூப்பர்ஃபண்டின் கடுமை மட்டும் இருந்து என்ன பயன்? வாங்குபவருக்குப் பாதுகாப்பு கொடுத்தாலும் யாரும் வரமாட்டார்கள். பெத்லகேம் மாதிரி இடத்தில் சுத்தம் செய்யும் செலவை நிலத்தின் விலை தாங்கியது, இங்கே தாங்காது. இங்கிலாந்து வழியில் கட்டட அனுமதிக்காகக் காத்திருந்தால் குரோமியம் காத்திருக்காது.

மத்திய அரசு 2025 ஜூலையில் கொண்டுவந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு, அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வு என்று கெடு வைக்கின்றன. பொறுப்பாளி கிடைக்காவிட்டால் மத்திய, மாநில அரசுகள் செலவேற்க வேண்டும். கெடு நல்லதுதான். ஆனால் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் கெஞ்சி வாங்கும் பணத்தில் இந்த அளவு வேலை நடக்காது. எனவே மூன்றில் ராணிப்பேட்டைக்கு முதலில் வேண்டியது சூப்பர்ஃபண்டின் பாதிப் பகுதி: ரசாயனத் தொழில் மீதான வரி, அதற்கென்று தனி நிதி, அதை இடையில் காலாவதியாக விடாத ஏற்பாடு. வாங்குபவருக்கான பாதுகாப்பு அதற்கடுத்து, நிலத்துக்கு நல்ல விலை உள்ள சென்னைப் பகுதி ஆலை வளாகங்களுக்குப் பொருந்தும். பயனுக்கு ஏற்ற அளவு என்பதை, கீழே குடிநீர் ஓடும் எந்த இடத்திலும் ஏற்க மாட்டேன். இதோடு, மண் சோதனை முடிவை வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரியாக ஏற்றலாம். அதற்குப் பதிவுத்துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தங்கள் பதிவேடுகளை இணைத்தால் போதும்.