தைராய்டு மாத்திரை: காப்பிக்கு முன்னால் ஒரு மணி நேரம்

தைராய்டு மாத்திரை கேட்கவில்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே போகிற நிறையப் பேரின் சிக்கல் காப்பி டம்ளரில் இருக்கிறது. கோபி, அந்தியூர் பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் விடியக்காலம் ஐந்து மணிக்கே அடுப்பு பற்றிவிடும். காப்பியைக் கையில் வாங்கி, அதிலேயே மாத்திரையையும் போட்டு விழுங்கிவிட்டுக் கட்டுத்தரைக்குப் போவார்கள். “காத்தால காப்பி குடிக்காம மாட்டுக்கிட்டயே போக முடியாதுங்க” என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் இந்த மாத்திரை, அதாவது லீவோதைராக்சின், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போனால்தான் சுமார் 60 முதல் 80 சதவீதம் வரை குடலில் இறங்கும். காப்பியும் சாப்பாடும் கூடச் சேர்ந்தால் அந்த அளவு குறையும். எவ்வளவு குறையும் என்பது தினமும் ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் பெரிய தொல்லை.

கறவைக்காரர்களுக்கு ஒத்துவரும் வழி ஒன்று உண்டு. எழுந்து வாய் கொப்பளித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வரவும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது காப்பி. அரை மணி நேரம் என்பது குறைந்தபட்சம், ஒரு மணி நேரம் நல்லது. அதற்கும் முடியாதவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஷிப்டு மாறி மாறிப் போகிறவர்கள் போல, டாக்டரிடம் சொல்லிவிட்டு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போட்டாலும் மருந்து நன்றாகவே இறங்கும். காலையோ இரவோ, ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நிற்க வேண்டும்.

இந்த மாத்திரையின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு எண் போதும்: 7 நாள். இரத்தத்தில் உள்ள மருந்தில் பாதி கழிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சுரக்கிற அதே டி4 (தைராக்சின்) ஹார்மோன்தான் இது. உடம்பு அதைத் தேவைப்படும்போது டி3 என்ற வேலை செய்யும் ஹார்மோனாக மாற்றிச் செலவழிக்கிறது, ஆகவே இது இருப்பில் கிடக்கும் சரக்கு மாதிரி. ஒரு நாள் மறந்தால் ஒன்றும் தெரியாது. அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், மறுநாள் இரட்டையாகப் போட வேண்டாம். ஏமாற்றமும் இதில்தான். நிறுத்திப் பத்து நாள் ஆகியும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிடுவார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் கால் வீக்கம், மலச்சிக்கல், அடித்துப் போட்ட மாதிரி அசதி எல்லாம் வரிசையாக வரும். மாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும், மிஞ்சினால் இறங்கும்) பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். இரண்டே வாரத்தில் பார்த்து, இன்னும் குறையவில்லையே என்று மறுபடி ஏற்றினால், பின்னால் அளவு மிஞ்சிப் போகும். இரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைக் கையில் எடுத்துப் போய், ஊசி குத்தி முடிந்த பிறகு போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு எஃப்.டி4 (இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் டி4) சற்று ஏறிக் காட்டும்.

சுரப்பி முழுவதும் ஓய்ந்தவருக்கு எடைக்குக் கிலோ ஒன்றுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 100க்குப் பக்கத்தில் வரும். வயதானவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு 12.5 அல்லது 25ல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். மருந்துக்கடையில் புட்டி வாங்கும்போது எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். 12.5க்கும் 125க்கும் நடுவில் இருப்பது ஒரு புள்ளிதான். கம்பெனி மாறினால், எண் ஒன்றாகவே இருந்தாலும், ஆறு வாரம் கழித்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அளவு மிஞ்சினால் உடம்பே சொல்லும்: நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேர்த்துக் கொட்டுவது, தூக்கம் பிடிக்காதது, வயிறு இளகிப் போவது. எடை குறைகிறதே என்று இதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், அது ஆபத்து. வருடக்கணக்கில் டி.எஸ்.எச். அடிமட்டத்திலேயே கிடந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். எடை குறைக்கிற மருந்து இல்லை இது. சரியான அளவில் ஓரிரு கிலோ இறங்கலாம், அதிலும் பெரும்பங்கு உடம்பில் தேங்கிய உப்பும் நீரும்.

இனி மற்ற மாத்திரைகள். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவைத்துவிடும். நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூன்றையும் சேர்த்தே கொடுத்தனுப்புவார்கள். விடிந்ததும் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, ராத்திரி கால்சியம் என்று பிரித்துக்கொண்டால் ஒன்றோடொன்று மோதாது. கர்ப்பம் உறுதியானதும் தேவை 25, 30 சதவீதம் கூடும். அடுத்த மாதச் செக்கப் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது. பால் கொடுக்கும்போதும் தொடரலாம்.

கேஸ் மாத்திரை வேறு விதம். பான்டோபிரசோலையும் வெறும் வயிற்றில்தான் போடச் சொல்வார்கள், அதனால் இரண்டையும் ஒன்றாக விழுங்குவது வழக்கமாகிவிட்டது. இங்கே நேரம் பிரித்தாலும் முழுத் தீர்வு கிடைக்காது. தைராக்சின் கரைய வயிற்றுப் புளிப்பு வேண்டும், அந்தப் புளிப்பை நாள் முழுவதும் குறைப்பதே பான்டோபிரசோலின் வேலை. மாதக்கணக்கில் போடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லி டி.எஸ்.எச். பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகுமரால் போடுகிறவர்களுக்குத் தைராய்டு டோஸ் ஏறினால் இரத்தம் இன்னும் இளகும், ஈறில் கசிவு தெரிந்தால் தள்ளிப் போடக் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மூன்றும் தைராக்சினைச் சீக்கிரம் கழித்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் டோஸ் மாறும் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

தொடங்கிய சில மாதங்களில் முடி கொட்டலாம், பெரும்பாலும் தானே நிற்கும். அதற்குள் பயந்து, முடிக்கு நல்லது என்று விற்கிற பயோட்டின் என்ற வைட்டமினை வாங்கிப் போடுகிறார்கள். அது பல லேபுகளின் பரிசோதனை முறையையே குழப்பி, டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அந்த ரிப்போர்ட்டை நம்பி டோஸைக் குறைத்தால் பழைய அசதி திரும்பும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும் ஊட்டிக் கோஸைப் பார்த்தாலே முகம் திருப்பத் தேவையில்லை. வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். மீல்மேக்கர் போன்ற சோயா உணவுகளை மட்டும் மாத்திரைக்கு நெருக்கமாக வைக்க வேண்டாம்.

வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மாத்திரைக்கு ஆகாது. சித்திரை வெயிலில் கரூர், ஈரோட்டு ஓட்டு வீடுகளில் அடுப்பங்கரை அலமாரி எப்படிக் கொதிக்கும் என்பது தெரிந்ததே. படுக்கையறையில், சுவர் வெயில் படாத பக்கம் வையுங்கள். புட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருந்தால் வெளியே எறியாதீர்கள், மூடியை இறுக்குங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் பத்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். இரண்டாம் நாளே வேர்வையில் ஊறிப் பொடிந்துவிடும். புட்டியோடு பையில் வைத்து, விடியக்காலம் நடை தொடங்குமுன் போட்டுக்கொண்டால், வழியில் முதல் காப்பி கிடைப்பதற்குள் ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும்.