டிஸ்க்கா, டவுன்லோடா? குன்னூரிலிருந்து ஒரு கணக்கு

டிவியில் மாட்டி கேம் ஆடும் பிளேஸ்டேஷன் 5 வாங்கும்போது டிஸ்க் போடும் மாடலா, டவுன்லோட் மட்டும் செய்யும் டிஜிட்டல் மாடலா என்று வீட்டில் பெரிய பேச்சு. டிஜிட்டல் விலை குறைவு. நான் எடுத்தது டிஸ்க் மாடல். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

வசதியில் டவுன்லோடுதான் ஜெயிக்கும். கீறல் விழாது, எழுந்து போய் மாற்ற வேண்டாம், தள்ளுபடியில் பாதி விலைக்கும் கிடைக்கும். என்ன, ஐப்பசி மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் 80 ஜிபி கேம் ஒன்று இறங்குவதற்குள் கார்த்திகை வந்துவிடும். டிஸ்க் கேமுக்கும் அப்டேட் இறங்கத்தான் வேண்டும், அதனால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கேள்வி ஒன்றுதான்: ஆடி முடித்ததை அடுத்தவர் கையில் கொடுக்க முடியுமா? பெரிய கேம் என்றால் புதிதில் 5,000 ரூபாயைத் தொடுகிறது. என்னிடம் முடிந்த டிஸ்க் அருவங்காட்டு நண்பனுக்குப் போகும், அங்கிருந்து ஊட்டியில் சித்தி மகனுக்கு. "அண்ணா, முடிச்சாச்சா? சனிக்கிழமை பஸ்ல வரேன், எடுத்து வைங்க" என்று அவன் போன் செய்வான். கடைசியில் கோவைக்குப் போகிற யாராவது பழைய டிஸ்க் எடுக்கும் கடையில் கொடுத்துவிட்டு வருவார்கள். கவர் நசுங்காமல் இருந்தால் ஒரு நல்ல தொகை திரும்பும். டவுன்லோடாக வாங்கியவருக்கு ஒரு பைசா வராது.

வராததற்குக் காரணம், அவர் கேமை வாங்கவே இல்லை. கம்ப்யூட்டர் கேம்களை டவுன்லோடாகத் தரும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையின் ஒப்பந்தத்தில் உரிமம்தான் தருகிறோம், விற்கவில்லை என்றே இருக்கிறது. கணக்கை இன்னொருவருக்கு விற்கவும் கூடாது. ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்யலாம் என்று பாரிஸ் நீதிமன்றம் 2019இல் சொன்னது, 2022இல் மேல்முறையீட்டில் அது அடிபட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், 'வாங்கு' என்று பொத்தான் வைக்கும் கடை இது உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொல்வதோடு சரி, விற்கும் உரிமை அதில் வரவில்லை.

டிஸ்க் இருந்தால் கவலையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2014இல் வந்த 'தி க்ரூ' கேமின் சர்வர்களை அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. இணையம் இல்லாமல் ஓடாத கேம் என்பதால் டிஸ்க் வைத்திருந்தவர்களும் சேர்ந்தே இழந்தார்கள். நின்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்ச் 2க்கு வரும் 'கேம் கீ கார்டு' இன்னொரு ரகம். அதில் கேம் இருக்காது, சாவி மட்டும்தான், மற்றதை டவுன்லோட் செய்துகொள்ள வேண்டும். ஆனால் கார்டைக் கைமாற்றலாம், அதனால் டவுன்லோடைவிட எனக்கு அது ஒரு படி மேல்.

அப்புறம் எங்கள் ஊர் ஈரம். சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் கவர் தாளில் பூஞ்சை பிடிக்கிறது. ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். பத்து இருபது வருடம் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் பழைய டிஸ்க் இல்லை.

கைமாற்ற ஆள் இல்லாதவர், தள்ளுபடிக்குப் பொறுமையாகக் காத்திருப்பவர் டிஜிட்டல் மாடலே எடுக்கலாம். கம்ப்யூட்டரில் ஆடுபவர் என்றால் ஜிஓஜி (GOG) என்ற ஆன்லைன் கடை பக்கம் போங்கள். நான் அதில் அதிகம் வாங்கியதில்லை, ஆனால் கேமை நிறுவும் ஃபைலான இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலே போட்டுக்கொள்ளலாம். விற்கத்தான் முடியாது.