வட்ட ஜன்னல்: தேக்கா, யுபிவிசியா, இரும்பா?

படிக்கட்டு திரும்புகிற இடத்தில், கிழக்குச் சுவரில் ஒரு வட்ட ஜன்னல். காலை வெயில் படியில் வட்டமாக விழ வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் ஆசை. சரி, எதில் செய்வது?

முதலில் அளவு. இரண்டடி விட்டத்துக்கு 3.14 சதுர அடி. மூன்றடிக்கு 7 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஓரடி கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கைத் தாண்டிவிடும். பெரும்பாலும் வட்டத்தையும் சதுரமாக அளந்துதான் விலை போடுவார்கள். மூன்றடி வட்டத்துக்கு 9 சதுர அடி. நாலு மூலையில் வெட்டி விழுவதும் நம் பணம்தான்.

தேக்கின் அழகுக்கு ஈடு கிடையாது. ஆனால் பட்டறையில் போய்ப் பாருங்கள்: ஆசாரி பலகையை வளைப்பதில்லை. ஆறோ எட்டோ துண்டுகளாக வளைவை அறுத்து, பொருத்தி, ஒட்டுகிறார். ஒவ்வொரு துண்டின் முனையிலும் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்படும். அங்கேதான் பலம் குறைவு. மழைநீர் தேங்குவது வட்டத்தின் அடிப்பகுதியில் என்பதால் அங்குள்ள இணைப்புதான் முதலில் வாய் பிளக்கும். தாழ்வாரம் நன்றாக நீட்டியிருந்தால் தேக்கையே போடுங்கள். வெட்டவெளிச் சுவரில் வேண்டாம்.

யுபிவிசி என்பது கெட்டியான பிளாஸ்டிக். அதற்குக் கரையான் பயம் இல்லை, பெயின்ட் செலவும் இல்லை. குறை அதன் பருமன். சட்டம் சுற்றிலும் 60 மி.மீ. என்று வைத்தால், இரண்டடி வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைச் சட்டமே தின்றுவிடும். சிறிய வட்டமாக வளைத்துத்தர எல்லாக் கடைகளும் ஒத்துக்கொள்வதும் இல்லை.

என் ஓட்டு இரும்புக்கு. பட்டைக் கம்பியை வளைத்து ஒரே இடத்தில் வெல்டிங். சட்டம் மெல்லியது, கிரில்லும் அதோடு சேர்ந்துவிடும். துருதான் எதிரி. சுவருக்குள் மறையப்போகும் பக்கத்துக்கும் ரெட் ஆக்சைடு என்னும் துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே பதிக்கச் சொல்லுங்கள். கடலோர ஊர் என்றால் அலுமினியத்துக்கு மாறிவிடலாம்.

செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலி இன்னொரு வழி. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளில் அதன் நிழலழகு தெரியும். நாள் முழுக்கக் காற்று வரும். கூடவே சாரலும் கொசுவும். திறந்த வராந்தாவுக்குப் பொருந்தும், படிக்கட்டுக்கு அல்ல.

திறக்க வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நடு அச்சில் சுழலும் வட்டக் கதவில் பாதி உள்ளே, பாதி வெளியே போகும். கொசுவலை போட முடியாமல் தவிப்பீர்கள். படிக்கட்டுக்கு மூடிய கண்ணாடியே போதும்.

அப்புறம் கண்ணாடி. சித்தப்பா வீட்டில் பிளானில் இருந்த அளவுக்கே டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி, சொல்லிவிட்டார்கள். சட்டத்துக்குள் குறுக்குக் கட்டை கொடுக்காமல் மேலே செங்கல் ஏற்றியதில் வட்டம் லேசாகக் கோழிமுட்டை ஆகிவிட்டது. டஃபன்டு கண்ணாடியைக் கடினமாக்கிய பிறகு வெட்டவோ தேய்க்கவோ முடியாது. வந்த கண்ணாடி மொட்டைமாடியில் சாய்ந்து நின்றது; வேறு புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. சட்டம் பதித்து, பூச்சு காய்ந்தபின், அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து அந்த அட்டையையே கடையில் கொடுங்கள்.

கொத்தனாரிடம் ஒரு வேலை மட்டும் பக்கத்தில் நின்று வாங்குங்கள்: வட்டத்தின் அடிவளைவுப் பூச்சுக்கு வெளிப்பக்கம் வாட்டம், அதாவது சரிவு, இருக்க வேண்டும். காய்ந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு சொட்டும் உள்ளே திரும்பக்கூடாது.