பதினொன்றரை மணிக்குச் சத்தமே இல்லாத டே கேர்: ஹட்டன் பக்கத்து அம்மா அப்பாமார் கவனத்துக்கு

ஹட்டன் பக்கம் சின்னப் பிள்ளையை டே கேரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். இனிமேல் விடப்போகிறவர்களும் வாசியுங்கள். அந்த இடத்தின் பெயரை நான் எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. பெயரை விட, அங்கே என்ன நடந்தது, பெற்ற எனக்கே ஐந்து மாதம் அது ஏன் தெரியாமல் போனது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

நான் ஹட்டன் டவுனில் ஒரு கடையின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில். மாதத்தில் ஒரு தடவை, போயா லீவு சேர்ந்து வந்தால் இரண்டு தடவை வருவார். டிக்கோயாவில் வாடகை வீட்டில் இருந்தோம். பாப்பாவை மாமியார்தான் பார்த்துக்கொண்டார். அவளுக்குப் பதினாலு மாதம் இருக்கும்போது மாமியார் மழையில் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. என் அம்மா பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இன்னும் கொழுந்து பறிக்கிறார். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. வேலையை விட்டுவிட்டு வாங்கம்மா என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

கடையில் கூட வேலை செய்கிற ஒரு அக்காதான் அந்த இடத்தைச் சொன்னார். போய்ப் பார்த்தேன். டைல் போட்ட வீடு, சுவரெல்லாம் யானையும் பட்டாம்பூச்சியும், முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் முத்திரை குத்திய ஒரு சான்றிதழ். சிங்களத்தில் இருந்தது. பிரதேச செயலகம் என்ற சொல்லைப் பார்த்ததும் 'பதிவு செய்த இடம்தான்' என்று நினைத்துக்கொண்டேன். சேர்க்கும்போது 15,000 ரூபாய், மாதம் 12,000. கூரை மூலையில் கேமரா இருந்தது. "போன்ல பார்க்கலாம் மிஸ், இந்தக் கிழமை கனெக்சன் குடுப்பாங்க" என்று நடத்துகிற அம்மா சொன்னார். கடைசி வரை அந்தக் கிழமை வரவே இல்லை.

ஒரு கட்டுப்பாடு மட்டும் சொன்னார். காலையில் கேட்டில் பிள்ளையைக் கொடுக்க வேண்டும், பின்னேரம் கேட்டில் வாங்க வேண்டும். நடுவில் வந்தால் மற்றப் பிள்ளைகள் அழுவார்களாம், வர வேண்டுமென்றால் முதல் நாளே போன் பண்ண வேண்டுமாம். நியாயமாகத்தான் பட்டது. நான் தவறிய இடம் அதுதான்.

முதல் இரண்டு கிழமை அழுதாள். அப்புறம் அழுகை நின்றது. பின்னேரம் கேட்டில் வாங்கும்போது தோளில் சாய்ந்துவிடுவாள். நோர்வூட் பஸ்ஸில் எத்தனை கூட்டம் இருந்தாலும் எழும்ப மாட்டாள். பஸ்ஸில் வருகிற பெண்கள் "எவ்வளவு அமைதியான பிள்ளை" என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

ராத்திரி பத்து, பதினொன்றுக்கு முழித்துக்கொண்டு தண்ணீர், தண்ணீர் என்று கேட்பாள். உதடு காய்ந்திருக்கும். மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போவாள், அதுவும் முக்கி முக்கி. நான்கு நாப்கின் கொடுத்துவிட்டால் மூன்று திரும்பி வரும். மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். சோறும் பருப்பும், அரை முட்டையும் பிசைந்து கொடுத்துவிட்ட டப்பா கழுவித் துடைத்து வரும். "எல்லாம் சாப்பிட்டாங்க மிஸ்." ஒரு நாளாவது அந்தப் பிள்ளையின் கழுத்து மடிப்பில் ஒரு பருக்கை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. வீட்டில் அவள் சாப்பிட்டால் காதுவரைக்கும் பருப்பு இருக்கும்.

வேலைக்கு லீவு கேட்கப் பயந்து இரண்டு மாதம் நிறை பார்க்கக் கூட்டிப் போகவில்லை. பதினெட்டு மாத ஊசிக்குப் போனபோதுதான் மிட்வைஃப் மிஸ் ரோஸ் நிறக் கார்டைத் திருப்பிக் காட்டினார். பதினைந்தாம் மாதம் 9.3 கிலோ, பதினெட்டாம் மாதம் 9.4. மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு தரைபோலக் கிடந்தது. "இந்த வயசுல மாசத்துக்கு ஏறத்தாழ இருநூறு கிராம் கூடணும். பிள்ளை பகல்ல என்ன சாப்பிடுது, எவ்வளவு நேரம் தூங்குதுன்னு நீங்களே போய்ப் பாருங்க" என்றார். டே கேரில் கேட்டேன். பல் வருகிறது, அதனால்தான் என்றார்கள். நம்பினேன்.

பத்தொன்பதாம் மாதம், ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளியின் உறவினர் ஒருவர் இறந்து கடையைப் பதினொரு மணிக்கே மூடிவிட்டார்கள். தூறல். குடையோடு நேராக டே கேருக்கு நடந்தேன், போன் பண்ணத் தோன்றவில்லை. கேட்டில் மணி அடித்துவிட்டு நிற்கும்போதுதான் அது உறைத்தது. உள்ளே பதினொரு பிள்ளைகள் இருக்கிற வீடு. பகல் பதினொன்றரை மணி. ஒரு அழுகை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை, எதுவும் விழுந்து உருளுகிற சத்தம் இல்லை. பீலியில் தண்ணீர் ஒழுகுகிறது மட்டும் கேட்டது.

நடத்துகிற அம்மா வந்து கேட்டைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டார். "தூங்குற நேரம் மிஸ், நான் தூக்கிட்டு வாறேன், இங்கயே நில்லுங்க." நான் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னறையில் திரை இழுத்து மூடியிருந்தது. பாயில் வரிசையாகப் பிள்ளைகள். ஜன்னல் கட்டில் ஒரு சில்வர் கப், அதில் ஒரேயொரு கரண்டி, பக்கத்தில் மூடி திறந்த மருந்துப் போத்தல். தடிமனுக்குக் கொடுக்கிற பாணி. பாப்பாவின் கடைவாயிலிருந்து கன்னம்வரை அது வழிந்து ஒட்டிக் காய்ந்திருந்தது. தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணைப் பாதி திறந்து மூடிக்கொண்டாள்.

பிள்ளையோடு போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த நேரத்தில் அதைச் செய்ய எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, ஆனால் அதுதான் உதவியது. த்ரீவீலில் கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் லேபிளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். குளோர்பெனிரமின். அலர்ஜிக்கும் மூக்கு ஒழுகுவதற்கும் கொடுக்கிற பழைய மருந்து, தூக்கம் அதனுடைய பக்கவிளைவு. வாய் காய்வதும், மலம் இறுகுவதும், சிறுநீர் சரியாகப் போகாததும் அதனாலேயே வரலாம் என்றார். நாப்கின் மிச்சம் வந்ததும், ராத்திரி தாகமும் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அளவு கூடினால் சின்னப் பிள்ளைக்கு மூச்சே மந்தமாகலாம், வலிப்பும் வரலாம் என்று சொல்லி ராத்திரி முழுக்க வார்டில் வைத்து மூச்சையும் நாடியையும் பார்த்தார்கள். ஆறு மணிக்கு மேல்தான் பாப்பா எழும்பி உட்கார்ந்து "ம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் ஆறு மணி நேரம் காத்திருந்தேன்.

இது "தடிமன் மருந்துதானே" என்று விடுகிற விஷயம் இல்லை. டாக்டர் கொடுக்கச் சொல்லாமல் கடையில் வாங்குகிற இருமல், தடிமன் மருந்துகளை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இலேயே அறிவித்தது. இங்கிலாந்தில் 2009இல் ஆறு வயதுவரை வேண்டாம் என்றார்கள். நம் ஊரில் பார்மசியில் போய்க் கேட்டால், யாருக்கு என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்ததும் இருவரும் போனோம். நடத்துகிற அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "எல்லாப் பிள்ளைக்கும் தடிமன், குளிருக்கு ஒரு கரண்டி குடுத்தோம், மற்ற அம்மாமார் யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். காசைத் திருப்பிக் கேட்டோம். பற்றுச்சீட்டைப் பாருங்கள் என்றார். அது கொப்பியிலிருந்து கிழித்த தாள், பதிவிலக்கம் எதுவும் இல்லை, கீழே "திருப்பித் தரப்படமாட்டாது" என்று மட்டும் எழுதியிருந்தது. சுவரிலிருந்த சான்றிதழை வீட்டுக்காரர் நின்று வாசித்தார். அது வியாபாரப் பெயர்ப் பதிவு. ஒரு பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் எடுக்கிற அதே பத்திரம். பிள்ளைகளைப் பராமரிக்க யாரும் வந்து பார்த்துக் கொடுத்த அனுமதி இல்லை. கேமராவின் வயர் சுவருக்குப் பின்னால் எதிலும் போய்ச் சேரவில்லை.

அங்கே வேலை செய்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறது. பதினொரு குழந்தைகளுக்கு அந்த ஒரு பிள்ளைதான். சமைக்க, ஊட்ட, கழுவ, தூங்கவைக்க எல்லாம் அதுவே. அழுதுகொண்டே, "மேடம்தான் பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு கரண்டி குடுக்கச் சொன்னாங்க அக்கா, குடுக்காட்டி என்னால ஏலாது" என்றது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. இரண்டு பேரை வேலைக்கு வைக்கிற சம்பளத்தை ஒரு போத்தல் பாணியில் மிச்சம் பிடித்தவர்மேல்தான் என் கோபம்.

நான் வளர்ந்தது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்தில். தகரக் கூரை, சாணி மெழுகிய தரை, வளையில் கட்டிய சேலைத் தொட்டில்கள், மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள். அதைவிட்டுத் தப்பி வந்துவிட்டோம் என்றுதான் நான் டைல் போட்ட வீட்டைப் பார்த்து மயங்கினேன். ஆனால் அந்தக் காம்பராவுக்குக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. தேத்தண்ணி நேரத்தில் அம்மாமார் கொழுந்துக் கூடையை வெளியில் வைத்துவிட்டுப் பால் கொடுக்க வருவார்கள். கங்காணி எட்டிப் பார்ப்பார், தண்ணீர் எடுக்கப் போகிற கிழவி எட்டிப் பார்ப்பார். ஆயம்மா ஒரு பிள்ளைக்கு எதையாவது கொடுத்தால் பின்னேரத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அதனால் டே கேர் பார்க்கப் போகிறவர்கள் சுவரைப் பார்க்க வேண்டாம். "சொல்லாமல் எந்த நேரமும் வரலாமா?" என்று முதலில் கேளுங்கள். வரலாம் என்றால் ஒரு நாள் பத்து மணிக்கு, இன்னொரு நாள் இரண்டு மணிக்கு உண்மையாகவே போங்கள். முடியாது என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள், காரணம் எவ்வளவு அழகாக இருந்தாலும். பிள்ளைகளை எண்ணுங்கள், பார்க்கிற ஆட்களையும் எண்ணுங்கள். நான் கையால் எழுதிக் கொடுக்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னேரம் பிள்ளையின் வாயை முகர்ந்து பாருங்கள், அந்த இனிப்பு வாசம் சட்டையில்கூட நிற்கும். பகலில் எத்தனை நாப்கின் நனைந்தது என்று கேளுங்கள். நிறை பார்க்கிற நாளைத் தவறவிடாதீர்கள், சம்பளம் வெட்டினாலும் பரவாயில்லை.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். இந்த இடத்தை உங்களுக்குத் தெரியுமா, யாராவது வந்து பார்த்திருக்கிறார்களா என்று அவரிடம் நேராகக் கேட்கலாம். நான் பாப்பா வார்டிலிருந்து வந்த பிறகுதான் கேட்டேன். தெரியாது என்றார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எந்த நேரமும் எடுக்கலாம், காசு போகாது, தமிழிலும் பேசலாம். பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவில் முறைப்பாடு எழுதும்போது ஆஸ்பத்திரிச் சீட்டின் பிரதியைக் கொண்டுபோங்கள். பிள்ளை எழுப்பியும் எழும்பாவிட்டால் யாரிடமும் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 1990 ஆம்புலன்ஸுக்கு எடுங்கள், பக்கவாட்டில் படுக்கவையுங்கள், கொடுத்த மருந்துப் போத்தலைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இப்போது அம்மாவின் தோட்டத்துக்கே வந்துவிட்டோம். பஸ்ஸில் போகவர எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிறது. பாப்பா அங்கே சிறுவர் நிலையத்தில் இருக்கிறாள், தேத்தண்ணி நேரத்தில் அம்மா போய்ப் பார்க்கிறார். போன மாதம் 10 கிலோ.

அன்று பாயில் படுத்திருந்த மற்றப் பத்துப் பிள்ளைகளில் மூன்று பேருடைய வீட்டை மட்டும்தான் எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. கேட்டில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, நடுவில் வரக் கூடாது என்ற சொல்லைக் கேட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், இன்றைக்கே கிளினிக் கார்டை எடுத்து அந்த மாதங்களின் கோட்டைப் பாருங்கள். பார்த்துவிட்டு எங்கள் முறைப்பாட்டோடு சேர்ந்துகொள்ளுங்கள்.